மான் சட்டை போடாது

மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை விடிந்ததும் கோரின் பெல்ட்டியர் செய்கிற முதல் வேலை, கொல்லைக் கொடியில் வெள்ளைத் துணி ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கைக்குட்டை கிடந்தாலும் உருவி உள்ளே போட்டுவிடுவாள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடுகிற ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காட்டு மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் பளீரென்று வெள்ளையாக இருக்கும். மரங்களுக்கு நடுவே வேட்டைக்காரன் கண்ணில் படுவது அந்த வெள்ளை ஒன்றுதான். அதனால் நவம்பர் முழுக்க அந்த ஊரில் வெள்ளைக் கையுறை கிடையாது, வெள்ளைத் தொப்பி கிடையாது. மான் இல்லை என்று தூரத்திலேயே தெரிய, நாயின் கழுத்தில்கூட ஆரஞ்சுத் துணி கட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி எடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அன்றைக்கு மட்டும்தான் மற்றவர்கள் காட்டோரம் நிம்மதியாக நடப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த கோரின்தான் அன்றைக்கு ஒரு கூடை வெள்ளைக் கம்பளி நூலை எடுத்துப் பிள்ளைகள் நடுவில் வைத்தாள். புத்தி எங்கே போயிற்று என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை. அது வீட்டுக்குள் செய்கிற வேலை, ஜன்னலில் ஒட்டுகிற அலங்காரம். வீட்டுக்குள் எந்த நிறம் இருந்தால் யாருக்கு என்ன?

வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை ஊர்ப் பிள்ளைகளில் சிலர் கோரின் வீட்டில்தான் இருப்பார்கள். அப்பாக்கள் காட்டில் இருப்பார்கள். அம்மாக்கள் தேவாலயக் கூடத்தில் வேட்டைக்காரர்களுக்கு முட்டையும் பேக்கன் பன்றிக்கறியும் வறுத்துக்கொண்டிருப்பார்கள். கோரினின் கணவன் கில், உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டு தெற்கே போயிருந்தான். அவளுடைய மகள் ஹாட்டிக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர்: அக்கம்பக்கத்துப் பையன்கள் பெக்கெட்டும் வெஸ்ஸும், இருவருமே வாண்டுகள், அப்புறம் வாய் ஓயாத ஐந்து வயது லேனி.

லேனியை அவள் அப்பா கர்ட் இருட்டோடு கொண்டுவந்து விட்டான். தன் பிக்கப் வண்டியைக் கோரின் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தினான். அவனுடைய வேட்டைப் பரண் இவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் இருந்தது. கில் கொடுத்த அனுமதி.

"அப்பா, நானும் வரேன்ப்பா" என்று லேனி அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீ வந்தா மானெல்லாம் உன் பேச்சக் கேட்டுட்டு ஊரவிட்டே ஓடிடும்டி. உன் வாய் மூடுமா?"

"மூடும்."

"எங்க, நான் அந்த ஓடையத் தாண்டுற வரைக்கும் மூடு பாப்போம்."

லேனி உதட்டை இறுக்கிக்கொண்டாள். கர்ட் கதவைக்கூட சாத்தவில்லை, அதற்குள், "அப்பா, தாண்டிட்டியா?" என்றாள்.

கர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "இங்கயே இரு. ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டு மேலதான் இருப்பேன். சாயங்காலம் உங்கம்மா வருவா" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகக் காட்டுக்குள் போனான். லேனிக்கு முகம் தொங்கிப்போயிற்று. வாய்தான் குற்றம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

காலை முழுக்க நூல் வேலை. நான்கு விரலில் ஆரஞ்சு நூலைச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, காம்புக்கு ஒரு குச்சியைச் செருகினால் பரங்கிக்காய். காலை உணவுப் பெட்டியின் அட்டையை மேப்பிள் இலையாக வெட்டி, சிவப்பும் மஞ்சளுமாக நூலைச் சுற்றினால் உதிர்ந்த இலை. இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால் வாசலுக்குத் தோரணம். பெக்கெட் விரலோடு மேஜைக் காலையும் சேர்த்துச் சுற்றிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் அழுதான். வெஸ் நூலைத் தின்று பார்த்தான். தோரணம் பாதியில் இருக்கும்போதே ஆரஞ்சு நூல் தீர்ந்துபோயிற்று. கடையிலும் இருக்காது. அக்டோபரில் ஊரே உட்கார்ந்து ஆரஞ்சுத் தொப்பி பின்னுகிறது, அப்புறம் நூல் எங்கே மிஞ்சும்?

"சரி, பரங்கிக்காய் போதும். மான் பண்ணலாம்" என்றாள் கோரின்.

அட்டையில் மான் வெட்டிக் கொடுத்தாள். அதற்குப் பழுப்பு நூல் சுற்ற வேண்டும். வாலுக்கு வெள்ளை நூலில் பந்து. விரலில் கனமாகச் சுற்றி, நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் கத்தரித்து உதறினால் புசுபுசுவென்று மலர்ந்துவிடும். லேனி அளவு தெரியாமல் சுற்றிக்கொண்டே போனாள். கத்தரித்து உதறியபோது பந்து அவள் முகத்தளவு இருந்தது. அட்டை மானில் ஒட்டியதும் மான் மல்லாந்து விழுந்தது.

"இது மானுக்கு வாலா, வாலுக்கு மானா?" என்று ஹாட்டி கேலி செய்தாள்.

லேனிக்கு ரோஷம் வந்துவிட்டது. பந்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, "இது எனக்கு. கோரின் மிஸ், எனக்கு வெச்சு விடுங்க" என்று திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

கோரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓர் ஊக்கை எடுத்து அவளுடைய கால்சட்டையின் பின்னால் குத்திவிட்டாள். அவ்வளவுதான், எனக்கும் எனக்கும் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹாட்டிகூட, பெரிய பெண் என்ற பெருமையையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வால் வாங்கிக்கொண்டாள். நான்கு மான்கள் சோபாவில் ஏறிச் சமையலறையில் குதித்து வீட்டை இரண்டாக்கின. ஒரு மணி நேரத்தில் கோரினுக்குத் தலை விண்ணென்று தெறித்தது.

"ஏய், ஏய்! மான் எங்கயாவது இப்படிக் கத்துமா?" என்றாள். "மான் சத்தமே போடாது. கூப்பிட்டாலும் வாயத் தொறக்காது. அப்படியே மரம் மாதிரி நிக்கும். யாராச்சும் கிட்ட வந்தா வாலைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டம். யாரு நல்ல மானுன்னு பாப்போம்."

வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. லேனி அடுப்பு ஓரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. காலையிலிருந்து வாய் மூடாத பெண் கால் மணி நேரம் நின்றாள். நல்ல தந்திரம் கண்டுபிடித்தோம் என்று கோரின் தன்னையே மெச்சிக்கொண்டு காப்பி குடித்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தோரணத்தை வாசல் படியின் கைப்பிடிக் கம்பியில் கட்ட வெளியே கிளம்பினார்கள். கோரின் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கையில்லாத ஆரஞ்சுச் சட்டையைக் கோட்டுக்கு மேலே மாட்டிவிட்டாள். இதில் அவள் கண்டிப்பானவள். அழுதாலும் புரண்டாலும் சட்டை இல்லாமல் ஒரு பிள்ளை படி இறங்க முடியாது. சட்டைக்குக் கீழே வெள்ளை வால்கள் ஆடுவதையும் அவள் பார்த்தாள். ஆரஞ்சு இருந்தது, கண் அதோடு சமாதானமாகிவிட்டது. அழகாக இருக்கிறதே என்று நான்கு பேரையும் திரும்பி நிற்கச் சொல்லிப் படம் எடுத்து, லேனியின் அம்மா டேன்யாவுக்கு அனுப்பியும் வைத்தாள். பாவி.

தோரணத்தில் பாதிகூடக் கட்டியிருக்கவில்லை, வெஸ் கால்களை அகட்டிக்கொண்டு நின்றான். மூக்கில் ஏறிய வாடையே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"ஹாட்டி, இந்த முனையப் பிடிச்சுக்கோ. யாரும் வேலியத் தாண்டக் கூடாது. இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவனைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேஜையில் இருந்த போன் அதிர்ந்தது. டேன்யா. ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "செல்லங்களா! ஆனா கோரின், வெள்ளை வாலோட வெளிய விட்டுடாத. உள்ள மட்டும் ஆடட்டும்."

ஐயோ, நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்! வெஸ்ஸை அரைகுறை உடையோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஹாட்டி சொன்னபடி தோரணத்தின் முனையைப் பிடித்தபடி நின்றாள். பெக்கெட் படியில் உட்கார்ந்து மூக்கு நோண்டினான். வீட்டோரம் கொல்லை வேலியின் கதவு திறந்து கிடந்தது. அதன் கம்பத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுச் சட்டை, மடிப்புக் கலையாமல், ஒழுங்காக மாட்டியிருந்தது.

"லேனி எங்க?"

"அப்பாவுக்குக் காட்டப் போறேன்னு போனா" என்றாள் ஹாட்டி. "நான் சட்டையோட போன்னுதான் சொன்னேன். மான் சட்டை போடாதுன்னுட்டா."

"எப்போடி?"

"நீ உள்ள போனல்ல, அப்பவே."

"ஏன்டி என்னக் கூப்பிடல?"

"நீதானே இதப் பிடிச்சுக்கச் சொன்ன" என்று ஹாட்டி உதடு பிதுக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தோரணத்தை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

லேனியின் கோட்டு பழுப்பு. கால்சட்டை பழுப்பு. பின்னல் போட்ட தலைமுடியும் பழுப்பு. காய்ந்த இலையும் மொட்டை மரமுமாக நிற்கிற அந்தக் காட்டில் அவளைப் பார்த்தால் எதுவும் தெரியாது, பின்னால் ஆடுகிற அந்த வெள்ளைப் பந்தைத் தவிர. அந்த மேட்டில் கர்ட் மட்டுமா இருப்பான்? முதல் நாள் காடு முழுக்க ஆள் இருக்கும். காலையிலிருந்து ஒன்றும் கிடைக்காமல் கை துறுதுறுக்க உட்கார்ந்திருப்பான் ஒவ்வொருவனும்.

கர்ட்டை போனில் கூப்பிட்டாள். முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டிக்குள்ளிருந்து மணி அடித்தது. மான் காதுக்கு எட்டக்கூடாது என்று போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான், புத்திசாலி. சாவியும் வண்டியிலேயே தொங்கியது. அந்த ஊரில் யார் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்? கோரின் மூன்று பிள்ளைகளையும் முன் இருக்கையில் ஏற்றினாள்.

"ஹாட்டி, அழாத. அம்மாவப் பாரு. இந்த ஹாரன மூணு தரம் நீளமா அமுக்கு. கொஞ்சம் விடு. மறுபடி மூணு தரம். நான் வர்ற வரைக்கும் நிறுத்தாத. யாரையும் வண்டிய விட்டு இறங்க விடாத. புரியுதா?"

"லேனி செத்துடுவாளாம்மா?"

"வாய மூடு! அமுக்கு!"

மூன்று முறை என்றால் ஆபத்து என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கோரின் தன் ஆரஞ்சுத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கம்பத்திலிருந்த குட்டிச் சட்டையை உருவிக்கொண்டு காட்டுக்குள் ஓடினாள். சட்டையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே, "லேனி! லேனி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பின்னால் ஹாரன் அலறியது. காலடியில் இலைச் சருகு. எங்கேயும் ஒரு பதில் இல்லை.

ஓடையை நெருங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. மானைக் கலைப்பதற்கும் இந்த ஊரில் இப்படித்தான் செய்வார்கள். ஒரு பக்கம் சத்தம் போடுவார்கள், மறுபக்கம் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். மிரண்டு ஓடிவருவதைச் சுடுவார்கள். இப்போது மேட்டில் உட்கார்ந்திருக்கிறவன், கர்ட்டோ வேறு எவனோ, இந்த ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் என்ன செய்வான்? முதலில் துப்பாக்கியைத் தூக்குவான். அப்புறம்தான் இது ஆபத்துக் குறியாயிற்றே என்று யோசிப்பான்.

நின்றாள். திரும்பிப் போய் நிறுத்தச் சொல்லலாமா? அதற்குள் அங்கே என்ன நடக்கும்? போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் ஒரு கணம் அந்த ஓடைக்கரையில் நின்றாள். அப்போது மேட்டில் மரங்களுக்கு நடுவே இரண்டு மான்கள் சலசலத்துக்கொண்டு குறுக்கே ஓடின. வெள்ளை வால்கள் தூக்கித் தூக்கி விழுந்தன.

துப்பாக்கி வெடித்தது.

காடே ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கோரின் சருகில் மண்டியிட்டு விழுந்தாள். அவளுடைய காது அவளைக் கேட்காமலேயே காத்திருந்தது. வேட்டைக்காரர் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் இருக்கிற வழக்கம் அது. ஒரு வெடியோடு நின்றுவிட்டால் விழுந்துவிட்டது என்று கணக்கு. தொடர்ந்து இன்னொன்று வெடித்தால் முதல் குண்டு தவறிவிட்டது. 'கடவுளே, இன்னொண்ணு சுடணும், இன்னொண்ணு சுடணும்' என்று அவள் வேண்டிக்கொண்டாள். தான் என்ன வேண்டுகிறோம் என்பது மண்டையில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரைச் சுடச் சொல்லி வேண்டுகிறாள்!

இரண்டாவது வெடி வரவில்லை.

எப்படி ஓடையைத் தாண்டினாள், எப்படி மேடு ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. மேலே பரணுக்குக் கீழே ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. கர்ட். ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான், முகத்தில் இன்னும் வேட்டைக் களை.

"கோரின்? என்ன ஹாரன்? யாருக்கு என்ன ஆச்சு?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கையிலிருந்த குட்டிச் சட்டையை நீட்டினாள். "லேனி... உன்னத் தேடி வந்துட்டா. சட்டை போடல. பின்னாடி... பின்னாடி ஒரு வெள்ளை வால் குத்திவிட்டிருந்தேன், கர்ட். நூல் வால்."

கர்ட்டின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். அவன் திரும்பி, ஒரு மொட்டை மரக் கூட்டத்தைப் பார்த்தான்.

"ரெண்டு ஓடிச்சு" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "அதுங்க பின்னாடி... இன்னொரு வால். கொஞ்சம் தாழ. குட்டின்னு..."

சொல்லி முடிக்கவில்லை. துப்பாக்கியைச் சருகில் வீசிவிட்டு ஓடினான். கோரின் பின்னாலேயே ஓடினாள்.

அந்த இடத்தில் ஒரு பிர்ச் மரத்தின் பட்டை கர்ட்டின் இடுப்பு உயரத்தில் பிய்ந்து, உள்மரம் புதிதாகத் தெரிந்தது. இடுப்பு உயரம். லேனியின் தலை உயரம். அதன் அடியில் யாரும் இல்லை. "லேனி! லேனிக்குட்டி! அப்பா வந்திருக்கேன்டா செல்லம்!" என்று கர்ட் கத்தினான். கோரினும் கத்தினாள். கீழே ஹாட்டி இன்னும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள். காடு வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் கர்ட் செய்ததைக் கோரினால் பார்க்க முடியவில்லை. அவன் மண்டியிட்டுக் குனிந்து, சருகை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தான். அடிபட்ட மானைத் தேடுகிறவன் ரத்தத் துளி தேடுவது போலவே. வேறு எப்படித் தேடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு சிவப்பு மேப்பிள் இலையை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். "கோரின், இது ரத்தமா பாரு. எனக்குக் கண்ணு தெரியல. பாரேன்" என்று இலையை அவளிடம் நீட்டினான்.

"இல்ல, கர்ட். வெறும் இலைதான். சாயம் கூட ஒட்டல பாரு."

"அப்ப ஏன் பதில் சொல்ல மாட்டேங்குறா?" என்று அவன் அலறினான். "என் பொண்ணு வாய் மூட மாட்டாளே! மூச்சு இருந்தா பேசிடுவாளே!"

மூச்சு இருந்தால் பேசிவிடுவாள். கோரினுக்குச் சுரீரென்றது. கூப்பிட்டாலும் வாயைத் திறக்காது. அப்படியே மரம் மாதிரி நிற்கும். யார் சொன்னது? அடுப்பு ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்ற பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அவள் கர்ட்டின் தோளைப் பிடித்து அழுத்தினாள். "கத்தாத. ஒரு நிமிஷம் சும்மா இரு" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். காலையில் பிள்ளைகளோடு பேசிய அதே குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"மானெல்லாம் நல்லா ஆடினீங்க!" என்று காட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஆட்டம் முடிஞ்சிடுச்சு. இப்ப எல்லாரும் பேசலாம். எந்த மான் நல்லா நின்னுச்சோ, அந்த மான் வெளிய வரலாம்."

ஒன்றும் அசையவில்லை. கோரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிஜமா முடிஞ்சிடுச்சா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

விழுந்து கிடந்த, இலை அடர்ந்த ஃபிர் மரத்தின் கிளைகளுக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில், லேனி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கியபடி. தலைமுடியில் பிர்ச் பட்டைத் துணுக்குகள். முகமெல்லாம் சிரிப்பு.

கர்ட் எழுந்திருக்காமல், முழங்காலாலேயே நகர்ந்து போனான். கோரின் அதற்குள் பாய்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். தலை, காது, கழுத்து, வயிறு, முதுகு என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள். கோட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அந்த வாலைப் பிடித்து இழுத்தாள், ஊக்கோடு துணியும் கிழிந்து வந்தது. அதைக் கண் காணாத இடத்துக்கு வீசி எறிந்தாள்.

"என் வாலு!" என்று லேனி கத்தினாள். "ஏன் மிஸ் பிச்சீங்க? நான்தானே நல்ல மான்? நீங்க எவ்வளவு கூப்பிட்டீங்க, நான் பேசவே இல்லியே! அப்பா, நான் வாய் மூடிட்டு இருந்தேன் பாத்தியா? இனிமே என்னயும் கூட்டிட்டுப் போவியா?"

கர்ட் அவள் கால்களைக் கட்டிக்கொண்டு, அவளுடைய பூட்ஸில் முகத்தை வைத்து அழுதான். பெரிய உடம்பு குலுங்கியது. லேனி அவன் தொப்பியைத் தட்டிக்கொடுத்தாள்.

இறங்கி வரும்போது லேனி கர்ட்டின் தோளில் இருந்தாள், ஆரஞ்சுச் சட்டை மாட்டி, அதன் மேல் அவனுடைய ஆரஞ்சுக் கோட்டையும் சுற்றி. ஓடைக்கரையில் கர்ட் நின்றான்.

"டேன்யாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, கோரின்" என்றான் மெதுவாக. "நானே சொல்லிடறேன். இன்னிக்கு முடியாது. அவ முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது? குறி பாத்தேன். நல்லா நின்னு குறி பாத்துச் சுட்டேன்."

கோரினுக்கும் சொல்கிற தெம்பு இல்லை. வாலைக் குத்திவிட்டது யார்? ஹாரனை அமுக்கச் சொன்னது யார்? பேசாதே என்று பழக்கியது யார்? ஊருக்குத் தெரிந்தால் ஒருத்தியாவது இனி தன் பிள்ளையை இந்த வாசலில் கொண்டுவந்து விடுவாளா? கர்ட்டுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளூர அவள் தனக்காகவும்தான் பயந்தாள்.

"சொல்லல. வழி தவறிட்டா, நாம போய்க் கூட்டிட்டு வந்தோம். அவ்வளவுதான்" என்றாள்.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பாதி அடுப்பில் கொட்டியது. ஹாட்டி லேனியைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கர்ட் உள்ளே வரவில்லை. வாசல் படியில், பாதி கட்டி விழுந்து கிடந்த தோரணத்தின் பக்கத்தில், கைகளைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

வெளிச்சம் மங்கும் முன்பே டேன்யா வந்துவிட்டாள். காரிலிருந்து இறங்கும்போதே அவள் மேல் பேக்கன் வாடை அடித்தது.

"என்ன கோரின், நான் அனுப்பினதுக்குப் பதிலே இல்ல. வால எடுத்துட்டதானே?"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்றாள் கோரின். "இவ கொஞ்சம் ஓடை வரைக்கும் போயிட்டா. நாங்க போய்க் கூட்டிட்டு வந்துட்டோம். ஒண்ணுமில்ல."

"அடிப்பாவி, தனியாவா போன?" என்று டேன்யா லேனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு படியில் இருந்த கர்ட்டைப் பார்த்தாள். "இவரு மூஞ்சியப் பாரு! ஒண்ணும் மாட்டலையா? அங்க கூடத்துல எல்லாரும் அளந்து தள்ளுறாங்க, நீங்க மட்டும் வெறுங்கையா?"

"அம்மா, அம்மா!" என்று லேனி அவள் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் மானா இருந்தேன். அப்பா என்னச் சுட்டாரு! எம்மேல படவே இல்ல! மரந்தான் டப்புன்னு பிஞ்சுச்சு. நான் அசையவே இல்ல. நான்தாம்மா ஜெயிச்சேன்!"

டேன்யா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படிப் போடு! உங்கப்பா குறி அவ்வளவு லட்சணமா?" என்று சிரித்துக்கொண்டே கர்ட்டின் பக்கம் திரும்பினாள், மேலும் நாலு வார்த்தை சீண்டலாம் என்று.

கர்ட் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. டேன்யா கோரினைப் பார்த்தாள். கோரின் வெஸ்ஸின் மூக்கைத் துடைக்கக் குனிந்துகொண்டாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"கர்ட்" என்றாள் டேன்யா. முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "உங்க துப்பாக்கி எங்க?"

அவன் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

கல்யாணமான நாளிலிருந்து கர்ட் தன் துப்பாக்கியை மழையில்கூட நனைய விட்டதில்லை. டேன்யா அந்தக் கையைப் பார்த்தாள். காட்டைப் பார்த்தாள். மகளின் தலைமுடியிலிருந்த ஒரு பட்டைத் துணுக்கை விரலால் எடுத்துப் பார்த்தாள். கர்ட் எழுந்து, பிள்ளையை வாங்கிக்கொள்ள எப்போதும் போல இரண்டு கையையும் நீட்டினான். டேன்யா லேனியின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அவனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள்.